தனி அறை

"தலைகீழா நின்னு பாத்துட்டேன் மேடம், ஒரு பொண்ணுகூட விளையாட வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார் விளையாட்டு மன்றச் செயலாளர்.

ஆய்வுக்கு வந்திருந்த பெண் அதிகாரி கேட்டார்: "அவங்க டிரஸ் மாத்த இடமிருக்கா?"

"ஏன் இல்லாம? அதோ, அந்தக் கடைசி ரூம்தான். ஆளே வராததுனால பூட்டி வச்சிருக்கோம்."

"திறங்க, பாக்கலாம்."

செயலாளர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். சாவி வீட்டில் இருக்கிறது என்று மென்று விழுங்கினார். விவரம் தெரியாத காவலாளி ஓடிவந்து மாற்றுச்சாவியை நீட்டினார்.

கதவைத் திறந்ததுதான் தாமதம், கூரைவரை அடுக்கியிருந்த பேனர் கட்டுகள் சரிந்து செயலாளரின் காலடியில் விழுந்தன.

அதிகாரி ஒன்றை விரித்து உரக்கப் படித்தார்:

"பெண்களே, விளையாட வாருங்கள்! உடை மாற்றத் தனி அறை உண்டு!"