ஊற்றுத் தண்ணீர்

பதுளை ஆய்வுக்கூடத்தில் நஸ்மியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து ரெங்கசாமி கொண்டுவந்த தண்ணீருக்குள், நஞ்சைக் காட்டும் பிளாட்டினக் கம்பியை இறக்கியும் கணினித் திரையில் கோடு எழும்பாமல் கிடந்தது.

“ரெங்கசாமி அண்ணே, ஆசனிக் நஞ்சு துளியும் இல்ல! ஒங்க லயத்து ஊத்து சுத்தம்!”

“போன வாரம் கோடு மலையாட்டம் எழும்புச்சே மிஸ்?”

“அன்னைக்குப் புல்லைக் கொல்ல அடிக்கிற புல்லுமருந்து இருந்த பழைய கேன்ல கொண்டாந்தீங்க. இன்னைக்கு நான் குடுத்த போத்தல்ல. நஞ்சு அந்தக் கேன்லதான் இருந்திருக்கு!”

“மூணு தரம் கழுவினேனே!”

“கழுவினாலும் போகாதுண்ணே. அதைத் தூக்கி வீசிடுங்க.”

ரெங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து; தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இளைப்பாறும் நேரம். பதறிப்போய்த் தன் மனைவிக்குப் போன் போட்டார்.

“இராக்கம்மா! மலைக்கு அந்தக் கேன்ல கொண்டுபோன தேத்தண்ணிய யாரும் வாயில வைக்காதீங்க! கீழ ஊத்து, கீழ ஊத்து!”