கோணல் நடை

ஒரு மனிதனின் நடையைப் பார்த்தே அவன் இன்னும் எத்தனை நாள் ஓடுவான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், உலகத்திலேயே அந்த மருந்துக் கம்பெனியின் மேலாளர்தான். அவரே சொன்னது.

"இவர் ஓட மாட்டார் டாக்டர்" என்றார் மேலாளர். "வராந்தாவுல நடக்கறதப் பாருங்க. இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு, நடுவுல ஒரு தாவல். கையில கண்ணாடிக் குப்பி வேற. அன்ஃபிட்னு எழுதிக் கொடுங்க, வீட்டுக்கு அனுப்பிடறேன்."

குப்பித் தட்டு தூக்கித் தூக்கி 'பாட்டில்' என்றே பெயராகிவிட்ட ஊழியர் தலைகுனிந்து நின்றார். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்.

கம்பெனி டாக்டரம்மா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு அவரை அறைக்குள் நடக்கச் சொன்னார். சிமெண்டுத் தரையில் கோடு போட்ட மாதிரி நடந்தார். மாடிப்படியும் ஏறி இறங்கினார். மூச்சுகூட வாங்கவில்லை.

டாக்டரம்மா அவர் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைக் கல் பதித்த வராந்தாவை ஒரு தடவை பார்த்தார்.

"அங்க மட்டும் என்னண்ணே ஆகுது?"

வேலை போவதைவிட மானம் போவது செலவு குறைவு என்று பாட்டில் முடிவு செய்தார்.

"கறுப்புக் கட்டத்துல முதலை இருக்கும்மா. வெள்ளையிலதான் கால் வைக்கணும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலை நரைச்சாச்சு, இன்னும் முதலையா?"

"பொழுதன்னைக்கும் இதே வராந்தா சார். முதலையும் இல்லேன்னா எப்படித்தான் நடக்கறது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

மேலாளரும் வெளியே வந்தார். வராந்தா நீளமாகக் கிடந்தது. அதன் கோடியில் அவருடைய அறை, மேஜை, நேற்று முடியாத வேலை, முந்தாநாள் முடியாத வேலை. ஊரார் நடையை எல்லாம் பார்த்தவர், கால்களை இழுத்து இழுத்துப் போகிற தன் நடையை அன்றுதான் பார்த்தார்.

நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். வலது காலை வெள்ளையில் வைத்தார். அடுத்த வெள்ளைக்கு ஒரு சின்னத் தாவல். இன்னொன்று. அதில் மட்டும் ஷூவின் குதிகால் கொஞ்சம் பின்தங்கிக் கறுப்பில் பட்டுவிட்டது.

பின்னால், அறை வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார், இரண்டு காலும் ஒரே வெள்ளைக் கட்டத்துக்குள்.

"வாலை மிதிச்சிட்டீங்க சார்."