கட்டைவிரலுக்கு ஓர் இடம்

சன்னலோரத் தொட்டியில் கள்ளிச்செடி பூத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரே பூ. மதியம் விரிந்தால் சாயங்காலம் சுருங்கிவிடும். அவள் தரையில் முழங்கால் ஊன்றி, மூக்கில் முள் குத்தாத குறையாகக் கேமராவை நெருக்கிக்கொண்டு போகிறாள். மூச்சு விட்டால்கூடப் படம் ஆடிப்போகும் நெருக்கம். மகரந்தம் சலித்த மாவாகத் தெரிகிறது; பட்டு போன்ற இதழின் விளிம்பில் ஓர் எறும்பு தயங்கி நிற்கிறது. பூவுக்குப் பின்னால் கறுப்பு அட்டை. போன வருஷம்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவள் கணவன். எத்தனை தடவை சொன்னாலும் அவன் கட்டைவிரல் படத்தின் இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "நான் படம் எடுக்கறது பூவையா, உங்க விரலையா?" என்று அவள் எரிந்து விழுவாள். இப்போது அவன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருக்கிறான். அட்டையைத் துணி கிளிப் பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்ட போன் அவள் முழங்காலருகே கிடக்கிறது; மறுமுனையில் அவன்.

"படம் எப்படி வந்திருக்கு?"

"ரொம்ப சுத்தமா வந்திருக்கு."

"அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மூச்சைப் பிடிச்சிட்டிருக்கேன்ல, அதான்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் பேச முடியாது என்பது அவனுக்கும் தெரியும். கப்பல் எஞ்சினின் இரைச்சல் மட்டும் அறைக்குள் வந்து நிறைகிறது. வெயில் இதழை விட்டு மெல்ல இறங்குகிறது. அவள் கேமராவை இடப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துகிறாள். பூ நடுவிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, படத்தின் இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு அட்டை காலியாகத் தெரிகிறது. அந்த இடத்தையும் சேர்த்துப் பொத்தானை அழுத்துகிறாள்.