குதிரைக் கண்

"தலையைத் தாழ்த்திப் பிடிங்கன்னு எத்தனை தரம் சொல்றது? நான் என்ன ஏணி போட்டா படம் எடுப்பேன்?" என்றாள் அனார்கான்.

"அதைக் குதிரைகிட்டச் சொல்லு. எங்கிட்ட ஏன் கத்துறே, கிழவி?" சூரோன்பாய் கயிற்றைக் கீழே இழுத்தார். செவலை தலையை ஓர் உதறு உதறியது. அவ்வளவுதான், அந்தப் படமும் போச்சு.

காலையிலிருந்து இதே கூத்து. இருவருக்கும் கை விறைத்துவிட்டது. எடுத்த படமெல்லாம் கலங்கின குட்டை மாதிரி இருந்தது.

மழை ஏமாற்றிய வருடம். கிர்கிஸ் மலைநாட்டில் நாரின் ஊர்ப் பக்கத்தில் யார் வீட்டிலும் தீவனம் இல்லை. செவலையை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. கசாப்புக்காரன் நாளைக்கு லாரி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். இத்தனை வருடம் ஏறி ஓட்டிய குதிரையைக் கத்திக்குக் கொடுக்க சூரோன்பாய்க்கு மனசே இல்லை. விளம்பரம் போட்டுப் பார்த்தார். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கெரிம் என்று ஒருவன் மட்டும் பதில் எழுதினான். வெட்ட இல்லையாம், வளர்க்கத்தானாம். ஆனால் கண்ணைக் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும், அதுவும் துல்லியமாக வேண்டும். முன்பு மாலைக்கண் குதிரையை வாங்கி ஏமாந்துவிட்டானாம்.

"குதிரையைப் பல்லைப் பார்த்து வாங்குவாங்க. கண்ணைப் பார்த்து வாங்குறவனை இப்பத்தான் பார்க்கிறேன். பொண்ணா பார்க்கிறான்?" என்றார் சூரோன்பாய்.

"வாலைப் பார்த்துக்கூட வாங்கட்டும். லாரியில ஏறாம இருந்தா போதும்."

முதலில் போனில்தான் எடுத்து அனுப்பினார்கள். 'போன் சரிப்படாது, வீட்டில் கேமரா இருந்தால் அதில் எடுங்கள்' என்று பதில் வந்தது. அனார்கான் பெட்டிக்கு அடியில் கிடந்த சின்னக் கேமராவை எடுத்துவந்தாள். அதைப் பார்த்ததும் கிழவரின் முகம் மாறிப்போனது.

"இதை எதுக்குடி எடுத்தே?"

"வேற என்ன இருக்கு நம்ம வீட்டுல? தாலாய் இருந்தா ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுத்திருப்பான்."

"அந்தப் பேரை எடுக்காதே! அவனை நான் வெள்ளையாக்கி நாளாச்சு."

வெள்ளையாக்கிவிட்டேன் என்று தகப்பன் சொன்னால் அந்த ஊரில் சொன்னது சொன்னதுதான். மகனைத் தலைமுழுகியாயிற்று என்று அர்த்தம். மந்தை மேய்க்க மாட்டேன், படம் எடுத்துப் பிழைக்கிறேன் என்று கிளம்பிப் போனவன் அவன். அதற்குப் பிறகு அனார்கான் அவன் குரலைக்கூடக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

போன் கிணுகிணுத்தது. கேமராவில் எடுத்து அனுப்பிய படத்துக்குக் கெரிமின் பதில். அனார்கான் வாசித்தாள்.

"பிளாஷ் போடாதீங்க, கண்ணு பச்சையா வருது. பூப் போட்ட பட்டனை அழுத்துங்க. ரொம்ப ஒட்டாம ஒரு சாண் தள்ளி நில்லுங்க. கேமராவை முகத்துக்கு முன்னாடி பிடிக்காதீங்க. முழங்கையை விலாவோட ஒட்டி, நெஞ்சுக்கு நேரா வச்சா கை ஆடாது. வெயில் எடுக்கிறவங்க முகத்துல விழணும், குதிரை முகத்துல விழக் கூடாது."

"அடேயப்பா! புது மருமகளுக்கு மாமியார்கூட இவ்வளவு சொல்ல மாட்டா" என்றார் சூரோன்பாய்.

அனார்கான் வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கண் கூசியது. தலைத்துணி நெற்றியில் சரிந்தது, மேலே தள்ளிவிட்டாள். பட்டனைப் பாதி அழுத்தியதும் பச்சைக் கட்டம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். செவலை இமைத்தது.

"போச்சா?"

"போச்சு. உங்களுக்கென்ன, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. என்னால ஆகாது, விடுங்க."

கிழவர் செவலையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"இதுவும் போயிட்டா இந்தக் கொட்டில்ல எனக்கு என்ன வேலை, சொல்லு? இன்னும் ஒரு தடவை எடு, தாயே."

அவர் இப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது. மறுபடியும் நெஞ்சுக்கு நேராகக் கேமராவைப் பிடித்தாள். கிழவர் வாய்க்குள்ளேயே ஏதோ முனகித் தட்டிக்கொடுக்க, குதிரை அசையாமல் நின்றது. டிக்.

இமை மயிரை எண்ணலாம் போல வந்திருந்தது படம். கேமராவின் மெமரி அட்டையை உருவிப் போனில் போட்டு அனுப்பிவிட்டு, இருவரும் வாசல்கட்டையில் உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறிப்போயிற்று. பதிலைக் காணோம்.

"அவனும் ஓடிட்டான். சொன்னேன்ல, கண்ணைப் பார்க்கிறவன் வாங்க மாட்டான்னு. அந்த லாரிக்காரனையே வரச் சொல்லு" என்று எழுந்தார் சூரோன்பாய்.

அப்போது போன் கிணுகிணுத்தது. அனார்கான் வாசிக்க ஆரம்பித்தாள். போனைக் கண்ணருகே கொண்டுபோய் மனசுக்குள்ளேயே மறுபடியும் படித்தாள்.

"என்னவாம்? இதுவும் கலங்கலா இருக்காமா?"

அவள் போனை அவரிடம் நீட்டினாள். கிழவர் அதை எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"படம் ரொம்பத் தெளிவு. செவலையை விக்க வேண்டாம், தீவனத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன். அது கண்ணுக்குள்ள நீ நல்லாத் தெரியுறேம்மா, ரொம்ப இளைச்சுட்டே. அடுத்த படத்தை அப்பாவை எடுக்கச் சொல்லு, அவரையும் பார்க்கணும்."