ஆமென் சொன்னால் கை மேலே

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சலவைக்கூடத்தின் நாற்பது இஸ்திரி மேசைக்காரர்களும் அவளையே பார்த்தார்கள். கதவோரம் மேலாளர் ஃபைலோடு நின்றார்.

அக்காவின் கை நீராவி வால்வின் மேல் இருந்தது. அதைத் திருகினால் நாற்பது மேசைக்கும் ஒரே மூச்சில் கொதிநீராவி பாயும். மேசையின் அழுத்துப் பலகை இடுக்கில் எவன் கையாவது இருந்தால் தோல் உரிந்து தொங்கும். அதனால் திறக்கிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

இருபது வருடமாக அக்கா கொடுத்த குரல் ஜெபம்தான். கூரை அதிர ஆரம்பித்து, "ஆமென்" என்று முடிப்பாள். ஆமென் காதில் விழுந்ததும் எல்லாக் கையும் தலைக்கு மேலே போகும். கோயிலுக்குப் போகிறவன் கை, போகாதவன் கை, சாமியை ஏசுகிறவன் கை, எல்லாம்.

ஏசுகிறவன் மூன்றாம் மேசைக்காரன். கூடத்தில் அவனுக்குப் பெயர் குதர்க்கம்.

"எங்க கையக் காப்பாத்துறது உங்க கர்த்தர் இல்லக்கா. உங்க தொண்டை."

"அந்தத் தொண்டையக் குடுத்தது யாருடா, உங்கப்பனா?"

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், வால்வைத் திறக்கக் குதர்க்கம் போனான். "நீராவி வருது!" என்று கத்தினான்.

ஒரு கைகூட நகரவில்லை. நாற்பது மேசையும் ஆமெனுக்காகக் காத்திருந்தது.

நல்லவேளை, திருகும் முன் திரும்பிப் பார்த்தான். வேறு வழி? தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆண்டவரே, அக்கா லீவு. பதில் ஆளா நான் வந்திருக்கேன். நம்ம பழைய சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். கையெல்லாம் பத்திரம். ஆமென்."

கைகள் மேலே போயின. சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறியது.

மறுநாள் அவன் மாட்டேன் என்றுவிட்டான். "தினமும் நானே போய் நின்னா அவருக்கே சந்தேகம் வந்துரும்!"

முறை வைத்தார்கள். மேசைக்கு ஒரு நாள். ஒருத்தி மகளின் பரீட்சையைச் சொன்னாள். ஒருவன் மாமியாரைப் பற்றி முறையிட்டான். ஆனால் எவர் முறையானாலும், முடிக்கும் முன் அக்காவின் தொண்டையைச் சொல்லாமல் விட்டதில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது.

அறுத்தெடுத்த கட்டியில் விஷம் ஒன்றுமில்லை, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரலைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லவில்லை.

குரல் இல்லாத ஆளுக்கு வால்வு கிடையாது என்று மேலாளர் நேற்றே சொன்னார். முட்டி தேய்ந்தவள், மேசையில் நாள் முழுக்க நிற்கவும் முடியாது. வால்வு போனால் வேலை போனது. "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்றுதான் இன்று வந்து நிற்கிறார்.

அக்கா மறுபடியும் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான்.

அவள் கை வால்விலிருந்து நழுவியது.

"ஆண்டவரே..."

தன் குரல்தானா என்று குதர்க்கமே திடுக்கிட்டான். இன்று அவன் முறைகூட இல்லை.

"அக்கா வந்துட்டாங்க," என்றான்.

"உயிரோட வந்துட்டாங்க, ஸ்தோத்திரம்," என்றது நாலாம் மேசை.

"தொண்டைய நீர் மெதுவாக் குடும், அவசரமில்ல," என்றது ஐந்தாம் மேசை. "அதுவரைக்கும் நாங்க இருக்கோம்."

அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. மேசைக்கு மேசை தாவிப் போன ஜெபம், கடைசியில் நாற்பது தொண்டையிலும் ஒன்றாக வெடித்தது.

"ஆமென்!"

எண்பது கைகள் மேலே.

அக்கா வால்வைத் திருகினாள். நீராவி சீறிக்கொண்டு ஓடியது. தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே இல்லாமல். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

குதர்க்கம் பயந்துகொண்டே கதவுப் பக்கம் திரும்பினான்.

ஃபைல் தரையில் கிடந்தது. மேலாளரின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

அவர் மெதுவாக இறக்கினார்.

"பழக்கதோஷம்," என்றார் அசடு வழிய. "ஒன்பதாம் மேசையில பன்னெண்டு வருஷம் நின்னவன். எனக்கும் ஒரு முறை போடுங்கப்பா."