சின்னவளுக்குக் காதுகுத்து

நாலாவது மானின் காதில் அடையாள டேக் இல்லை.

"அங்கிள், டேக் இல்லாத மானை விக்டோரியா மாநிலத்துக்கு அனுப்ப முடியாது," என்றார் கால்நடை டாக்டர் விவேக். "மத்த மூணும் ஓகே. உண்ணி இல்ல, சளி இல்ல, ரத்தப் பரிசோதனையும் சுத்தம். ஆனா டேக் இல்லன்னா இது எந்த மான்னு எல்லைக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மான்களின் சொந்தக்காரர் அருந்தவன் மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினார்.

"நாலுக்கும் என்ர கையாலைதான் போட்டனான், டொக்டர்! எக்செலிலையும் எழுதி வச்சிருக்கிறன்!"

"எக்செலிலை இருந்தாக் காணுமோ? காதிலை இருக்க வேண்டாமோ?" என்று பிடித்துக்கொண்டாள் மனைவி யோகா. "நான் வேலைக்குப் போன நேரத்திலை மூண்டுக்குப் போட்டிட்டு நித்திரை கொண்டிருப்பியள்!"

வின்ட்ஸரில் இருந்த பண்ணை வீட்டை விற்றாயிற்று. நாளைக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். மெல்பர்ன் பக்கம் வாங்கிய காணிக்கு மான்கள் இன்றே புறப்பட்டாக வேண்டும். வாசலில் நின்ற லொறிக்காரர் வேறு விட்டு விட்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

"டென்ஷன் ஆகாதீங்க. மிச்ச டேக் இருந்தாக் கொண்டாங்க, ஒரு நிமிஷத்துல குத்திடலாம்," என்றார் விவேக்.

யோகா குறுக்கே பாய்ந்தாள்.

"தொடக் கூடாது! இவள் என்ர பிள்ளை. போத்திலிலை பால் குடுத்து வளர்த்தனான். தாய்மாமன் மடியிலை வைக்காமல் ஆரும் பிள்ளைக்குக் காது குத்துவினமோ?"

"மற்ற மூண்டுக்கும் மாமன் வந்தவரோ?" என்று கேட்டார் அருந்தவன்.

"அதுகள் வாங்கின மான். சின்னவள் இஞ்ச பிறந்தவள்!"

விவேக் தன் படிவத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தாய்மாமனுக்கு அதில் கட்டம் இல்லை.

யோகாவின் அண்ணன் மகாதேவன் இருப்பது கெல்லிவில்லில். இருபத்தைந்து நிமிஷ ஓட்டம். ஆனால் ஏழு வருஷமாக மனுஷன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இந்த வீட்டுக் குடிபூரல் விருந்தில் நாற்பது பேருக்கு முன்னால், "தங்கச்சி, இது சொதியோ, சுடுதண்ணியோ?" என்று கேட்டுத் தொலைத்தார். தங்கச்சியும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு போச்சு, பேச்சு வார்த்தை கிடையாது.

"அப்ப உன்ர அண்ணருக்கு நீயே அடி," என்று போனை நீட்டினார் அருந்தவன்.

"நானோ? செத்தாலும் மாட்டன். நீங்கள் எடுங்கோ. மானுக்காகத்தான் எண்டு வடிவாச் சொல்லுங்கோ!"

லொறி நிற்கிறது, டாக்டர் நிற்கிறார், இவளுக்கு இப்போதுதானா சாத்திரம் சம்பிரதாயம்? அருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுமுனையில் மகாதேவன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"மானுக்கோ?"

"ஓம் மச்சான். மானுக்குத்தான்."

"அப்ப நான்தானே மாமன்?"

"வேற ஆர்?"

ஏழு வருஷம் வராதவர் இருபதே நிமிஷத்தில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, தோளில் சால்வை, கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பெட்டி லட்டு. தங்கச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிள்ளை எங்க?" என்றார் முறைப்பாக.

தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு மாமனை உட்கார்த்தினார்கள். வாழைப்பழம் கண்ட சின்னவள் மகா அடக்கமாய் மடியில் தலையை வைத்தாள். யோகா குலவையிட்டாள். லொறிக்காரர் இது ஏதோ புதிய ஆஸ்திரேலியச் சட்டம் போலும் என்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

விவேக் காதைப் பிடித்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு 'டக்'.

சின்னவள் துள்ளிய துள்ளில் மாமன் வாளியோடு வைக்கோலில் மல்லாந்தார். வேட்டித் தலைப்பு அவள் வாயில். அதை இழுத்துக்கொண்டு அவள் கொட்டிலைச் சுற்றி ஓட, "ஐயோ, என்ர வேட்டி! விடடி!" என்று மாமன் பின்னால் ஓட, யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணா! விழுந்து எலும்பை முறிக்காதேங்கோ, அண்ணா!"

மகாதேவன் அப்படியே நின்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஏழு வருஷமாயிற்று.

"எனக்கொண்டும் இல்லையடி," என்றார். "கடைசி நாளிலையாவது கூப்பிட்டியே, தங்கச்சி."

லட்டுப் பெட்டி கை மாறிக்கொண்டிருந்தபோது விவேக் அருந்தவனை ஓரமாக அழைத்தார்.

"அங்கிள், எக்செல் பொய் சொல்லல. காதுல ஏற்கெனவே ஓட்டை இருந்துச்சு, அதுலதான் மாட்டினேன். தானா விழுந்திருந்தா காது கிழிஞ்சிருக்கும். இதை யாரோ பக்குவமா வெட்டி எடுத்திருக்காங்க. தூசி கூட அடையல, நேத்துதான் எடுத்திருக்கணும். நான் 'தொலைந்தது, மாற்றப்பட்டது'ன்னு எழுதிடறேன்."

அருந்தவன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். யோகா அண்ணனின் தலையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"பாத்தியளோ! உங்கட மறதியாலை எவ்வளவு கரைச்சல்!"

"ஓம் யோகா," என்றார் அருந்தவன். "போட மறந்துபோனன்."