திரையில் எழுந்த தங்கம்

அணுப்பிணைவு உலையின் நெருப்பில் கலக்கும் அழுக்கைக் கண்காணிப்பதுதான் பிரகாசியின் வேலை. சுவரிலிருந்து கிளம்பும் உலோகம் நெருப்பின் நடுவுக்குப் போய்விட்டால் உலையே அணைந்துவிடும். அதற்குள் அதை வெளியே தள்ளிவிட வேண்டும்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் திரையில் தனிக் கோடு உண்டு. அன்று காலை இதுவரை பார்க்காத கோடு ஒன்று எழுந்தது.

"என்னக்கா அது?" என்றார் உடன் வேலை பார்க்கும் இசக்கிமுத்து.

"தங்கம்."

"உள்ள ஏதுக்கா தங்கம்?"

பிரகாசியின் கணவன் சூசை, உலை அணைந்திருக்கும் நாட்களில் இதற்குள் இறங்கிச் சுவர் ஓடு மாற்றியவன். நகை எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமில்லாமல் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு போனவன், வெறும் விரலோடு வீடு திரும்பினான்.

"உள்ளதான் விழுந்துட்டு. வெளிய சொன்னா வேல போயிரும்" என்றான்.

குடிக்க விற்றுவிட்டான் என்றே அவள் நினைத்தாள். எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன தவக்காலத்தில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோயிற்று.

கோடு உயர்ந்தது; தங்கம் நெருப்பின் நடுவை நோக்கி நகர்ந்தது.

"தள்ளிரலாமாக்கா?"

"கொஞ்சம் இருக்கட்டும்."

பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள். கோடு மெல்லத் தாழ்ந்து மறைந்தது.

"எப்படி வந்துச்சுன்னு பதிவுல என்ன எழுத?"

"எங்க வீட்டுக்காரரு மோதிரம்னு எழுதுங்க. அவரு சொன்னாரு, நான்தான் நம்பல."